ரசீது எண் பதினேழு

தேர்தல் தேதி சொன்ன மறுநாளே
துப்பாக்கியைக் கோணிச் சாக்கில் சுற்றி
அஞ்செட்டி பேருந்தில் ஏறினேன்.
மண்வெட்டி என்று நினைத்து
நடத்துநர் லக்கேஜ் போட்டார். பதினைந்து ரூபாய்.
மறுக்கவில்லை.

காவல் நிலையத்தில் வரிசை.
உரிமம் இருப்பவர்கள் மட்டும் நிற்கும் வரிசை.
எங்கள் பேர் ஏட்டில் இருக்கிறது,
அப்பன் பேர், சர்வே எண், கட்டைவிரல் ரேகை,
குழலின் நீளம் அங்குலக் கணக்கில்.
ஏட்டில் இல்லாதவனை எப்படிக் கூப்பிடுவது?
அவன் வீட்டில் இருக்கிறான்.
அவனுடையது பரணில் இருக்கிறது.

எழுத்தர் ஞானவேலு ரசீது கிழித்தார், எண் பதினேழு:
ஒற்றைக்குழல், கட்டையில் கீறல் ஒன்று.
வாக்கு எண்ணி முடிந்து ஒரு வாரம் கழித்து வா.
அதற்குள் கடலை காய் பிடிச்சிடுமே,
பன்றிக்கு நடத்தை விதி கிடையாதே என்றேன்.
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நாற்பத்தாறு நாள்.
தகரம் தட்டினேன், பட்டாசு போட்டேன்,
வேலி நெடுக என் மனைவியின் பழைய சேலைகள்.
முக்கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போயின
கூலி கேட்காமல்.

இடையில் ஒருநாள் வனத்துறை ஆட்டோ வந்தது.
உரிமம் இல்லாத துப்பாக்கிகளை
வியாழனுக்குள் போட்டுவிடுங்கள்,
வழக்கு இல்லை, கேள்வி இல்லை.
வெள்ளி விடியலில் புளியமரத்தடியில் ஒன்பது கிடந்தன.
ஒன்றுக்கு சைக்கிள் டியூப்பில் வார்.
ஒன்றின் கட்டையில் குழந்தை ஒட்டிய பட்டாம்பூச்சிப் படம்.
யாருடையது என்று வனக்காப்பாளர் கேட்டார்,
உரிமம் உள்ளவன் பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கையில்.
தெரியாது என்றேன்.
ஒன்பதும் தெரியும்.
பத்தாவது வரவில்லை என்பதும் தெரியும்.

திரும்ப வாங்கப் போனேன்.
குழலில் துரு. இடிகம்பியைக் காணோம்.
"புது விதி வருதாம்" என்றார் ஞானவேலு.
"மூணு வருஷத்துக்கு ஒருக்கா கண் பரிசோதனை,
காட்டைப் பார்க்க ஆள் வரும், பெட்டிக்கு ரெண்டு பூட்டு.
நீ என்ன சொல்ற?"
எனக்குப் பின்னால் நின்ற முனிவெங்கடப்பா கொதித்தார்:
"ஒழுங்கா வந்து நிக்கிறவன் தலையிலதான்
மிளகா அரைப்பீங்களா?"
நியாயம்தான். என் முக்கால் ஏக்கரும் அதையே சொல்லும்.

நான் பேசவில்லை.

நான்கு வருஷம் முன்பு, மார்கழி.
ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும் வாரம்.
அவரைப் பந்தலுக்கு அப்பால் ஏதோ அசைந்தது.
விரட்ட என்றுதான் உரிமத்தில் எழுதியிருக்கிறது,
வானம் பார்த்துத்தான் எப்போதும் வெடிப்பேன்.
அன்றைக்குக் குழலைத் தாழ்த்தினேன்.
விரல் பாதி மடங்கிற்று.
அது இருமியது.

மோட்டார் போட வந்த கெம்பம்மா.
டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம்.
"யாரு, சென்னப்பனா? ஏன் நடுங்கற?"
பனி என்றேன்.

அவளுக்கு இன்றுவரை தெரியாது.
நேற்றுகூட ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நின்று
பருப்பு வரவில்லை என்று திட்டினாள்,
நடுவில் இருமினாள்.
எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது.

விண்ணப்பத்தில் இருபத்தெட்டுக் கேள்வி.
மூதாதை வரைக்கும் விசாரிக்கிறது.
அந்த இருமலை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஞானவேலு பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.
"கண்ணைப் பாருங்க சார்" என்றேன்,
"ஆனா ராத்திரியில வந்து பாருங்க.
இடிகம்பிக்கு யார் பொறுப்புன்னு அதையும் எழுதுங்க.
அப்புறம் அந்தப் பத்தாவது..."
"எந்தப் பத்தாவது?"
"ஒண்ணுமில்ல."

முனிவெங்கடப்பா என்னை முறைத்தார்,
கட்சி மாறியவனைப் பார்ப்பதுபோல்.
கையெழுத்துப் போட்டேன். சாக்கில் சுற்றினேன்.

பேருந்தில் அதே நடத்துநர்.
"மண்வெட்டியா?"
"துப்பாக்கி" என்றேன்.
பக்கத்தில் இருந்தவர் எழுந்து
முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்,
மலைப்பாதை முழுக்க.